நான் கழுவிய பன்னிரண்டாவது குடுவை

மல்லாபூர், ஹைதராபாத்
20 மே 2010

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை அன்னக்கிளி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வெயிலும் இருக்கிறோம். அங்கே அண்ணியும் பிள்ளைகளும் சுகமென்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உங்கள் மச்சான் போய் ஏழு மாதம். நான் இன்னும் ஒரு சொட்டு அழவில்லை என்று அண்ணி ஊரெல்லாம் சொல்வதாகக் கேள்வி. நிஜம்தான். வந்து கூட்டிப்போவதாக எழுதியிருந்தீர்கள். வாருங்கள், என் வேலை போன மாதிரிதான். எப்படியென்றால், நான் பாட்டில் கழுவும் ஆராய்ச்சிக்கூடத்தில் அனுபமா மேடம் வைரஸ் வளர்க்கிறார், பாக்டீரியாக் கிருமிக்கும் வைரஸ் தொற்றுமாம் அண்ணா, அது கிருமிக்குள்ளேயே தூங்குமாம். தூங்க வைக்க ஒரு புரதம், எழுப்பிவிட இன்னொன்று, இரண்டும் ஒரே பாட்டன் வழிப் பங்காளிகளாம், நம் பெரியப்பா வீடு மாதிரி. மேடம் வைத்திருக்கும் ரகத்தில் சூடு பட்டால் தூங்க வைப்பது பிடியை விட்டுவிடும், வைரஸ் எழுந்து கிருமியை வெடிக்க வைக்கும், மோர்த்தண்ணீர் மாதிரி இருந்த குடுவை தெளிந்துவிடும். தலைமுறைக்குத் தலைமுறை ஏதாவது பிசகும் இல்லையா, அப்படிப் பிசகிச் சூட்டைத் தாங்கும் புரதம் ஒன்று வராதா என்று இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை மேடம் ஊரில் இல்லை. கரண்ட் போயிற்று. காற்றாடட்டுமே என்று பன்னிரண்டு குடுவையையும் ஜன்னலில் வைத்தேன். காற்று வரவில்லை, வெயில் வந்தது. மூன்று மணிக்குப் பதினொன்று பளிச்சென்று இருந்தன, ஒன்று மட்டும் கலங்கல். பதினாறு வருஷமாக எனக்குக் கலங்கல் என்றால் அழுக்கு. பதினொன்றையும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு அதை மட்டும் பிரஷ் போட்டுத் தேய்த்து, ப்ளீச்சிங் ஊற்றிக் கவிழ்த்துவிட்டேன்.

மறுநாள் மேடம் வந்து, "அன்னக்கிளியம்மா, பன்னிரண்டாவது எங்க?" என்றார்.

"கழுவிட்டேன் மேடம். அது ஒண்ணுதான் அழுக்கா இருந்துச்சு."

பக்கத்து மேசை சபீனா, "கைக்கு ஆன்ட்டி, கைக்கு?" என்று தலையில் கை வைத்தாள். 'ஏன்' என்பதற்கு இந்த ஊர் உருதுவில் அப்படித்தான்.

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அவ்வளவு வெயில்லயும் பிடிய விடாம இருந்தது அது ஒண்ணுதாம்மா."

உங்கள் மச்சான் கடைசியாக வாய் வைத்த டம்ளரையும் இப்படித்தான் பாதி டீயோடு அன்றைக்கே கழுவிக் கவிழ்த்தேன், அண்ணா. அது ஞாபகம் வந்தது. அழ ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. "ஒரு குடுவைக்கா இப்படி அழுவாங்க?" என்று மேடமே எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள். பெட்டி கட்டி வைக்கிறேன். அண்ணிக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
அன்னக்கிளி

பி.கு.: இதை ஒட்டுமுன் சபீனா ஓடிவந்தாள். ஆணியில் மாட்டியிருந்த என் பிரஷை மேடம் தட்டில் தடவிச் சூட்டில் வைத்தாராம், சாகாத கிருமி புள்ளி புள்ளியாக வளர்ந்து வந்திருக்கிறதாம். அதேதானா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டுமாம். "நல்லவேளை, பிரஷ்ஷ நீங்க கழுவல" என்கிறார் மேடம். பதினாறு வருஷத்தில் என் வேலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு. நீங்கள் வர வேண்டாம் அண்ணா. அண்ணியிடம் மட்டும், அன்னக்கிளி அழுதாயிற்று என்று சொல்லிவிடுங்கள்.