மூத்த அங்கி

நான்கு அங்கிகளின் கழுத்துப்பட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார் லாண்டரிக்காரர். ஒன்றிலும் குறி இல்லை.

குறி என்றால் சலவைக் குறி. கழுத்துப்பட்டைக்கு உள்ளே, யார் கண்ணிலும் படாத இடத்தில், அழியாத மையால் போடுவது. மணி ஃபாதருக்கு ஒரு கோடு, தாடி ஃபாதருக்கு இரண்டு கோடு, பாட்டுப் போதகருக்கு ஒரு புள்ளி, தொட்டி பாஸ்டருக்கு இரண்டு புள்ளி. அது அழியாத மை என்று நம்பித்தான் இருபது வருடமாகத் தொழில் ஓடியது. முந்தாநாள் வாங்கிய புது சோப்புத்தூள் மையோடு சேர்த்து அந்த நம்பிக்கையையும் வெளுத்துவிட்டது.

"வாசனையைப் பார்த்து வாங்காதீங்கன்னு அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் அவர் மனைவி. "என் பேச்சை இந்த வீட்டுல யாரு கேக்குறா?"

"சரி, இப்ப அதைச் சொல்லி என்ன பண்றது? நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நாலு பேருக்கும் நாலு கோயில்ல ஆராதனை. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அங்கி போயாகணும்."

நான்கும் வெள்ளை, ஒன்று மட்டும் கொஞ்சம் பழசு. நான்கும் கணுக்கால் வரை தொங்குபவை. யார் போட்டாலும் பொருந்துகிற தொளதொளப்பு வேறு.

அப்படியே யாருக்காவது எதையாவது கொடுத்தனுப்பலாம் என்றால், கடை வாசலில் தொங்கிய பலகை முறைத்தது. 'இருபது ஆண்டுகளாக ஒரு துணியும் மாறியதில்லை.' அதைவிட எதிர்ப்பக்கத்துப் பலகை பயமுறுத்தியது. மூன்று வருடத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்துபோன சொந்தத் தம்பி, தெருவுக்கு அந்தப்புறம் மெஷின் வைத்துக் கடை போட்டு, 'எங்கள் தந்தை தொடங்கிய அதே கடை' என்று எழுதி மாட்டியிருந்தான். இந்த நான்கு பேரில் ஒருவர் தெருவைத் தாண்டினாலும் போதும், அவர் சபை முழுக்கப் பின்னாலேயே தாண்டிவிடும். பிறகு அண்ணன் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அப்போதுதான் மச்சான் உள்ளே வந்தார். மனைவியின் தம்பி. ஐம்பது வயது, மூக்கின் நுனியில் நிற்கும் கண்ணாடி, எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை. காலையிலிருந்து பல் டாக்டரின் கோட்டுகள், நாடகக் குழுவின் மூட்டை, விடுதியின் படுக்கை விரிப்புகள் என்று ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அலுத்து வந்திருந்தார்.

"இதுக்குப் போயா முழிக்கிறீங்க? ஃபோன் பண்ணிக் கேளுங்க, மாமா."

"என்னன்னு கேக்குறது? உங்க குறி அழிஞ்சு போச்சு, அடையாளம் சொல்லுங்கன்னா? நாளைக்கே எதிர்க் கடைக்குப் போயிடுவாங்க."

"நேரா கேக்காதீங்க. உங்க சபைக்கும் மத்த சபைக்கும் என்னங்க வித்தியாசம்னு பொதுவா கேளுங்க. சபையில வித்தியாசம் இருந்தா அங்கியிலயும் இருக்கும். பேச்சோட பேச்சா வந்து விழுந்துடும்."

லாண்டரிக்காரர் எந்தக் கோயிலுக்கும் போகிறவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தூங்குகிற நாள். ஆகவே அந்தக் கேள்வியின் கனம் அவருக்குத் தெரியவில்லை. கத்தோலிக்கரான மணி ஃபாதருக்கு முதல் ஃபோனைப் போட்டார்.

கேள்வியைக் கேட்டதும் மறுமுனையில் குரல் தழுதழுத்தது.

"இந்தக் கேள்விக்காகத்தான் தம்பி இருபது வருஷமாக் காத்திருந்தேன்."

இருபத்தைந்து நிமிடம் பேசினார். ஆண்டவர் பேதுருவைப் பாறை என்றார், அந்தப் பாறை மேல்தான் சபை எழும்பியது, பேதுரு ரோமுக்குப் போனார், அன்று முதல் இன்று வரை அறுபடாத வரிசை. "முதல்ல இருந்தது நாங்க. மத்தவங்க எல்லாம் எங்ககிட்ட இருந்து பிரிஞ்சு போனவங்க." லாண்டரிக்காரர் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் 'பாறை, ரோம்' என்று குறித்துக்கொண்டார். அங்கியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்த தாடி ஃபாதர் அதைக் கேட்டுச் சிரித்தார். "அவங்களா சொன்னாங்க? ஆயிரத்து ஐம்பத்து நாலுல பிரிஞ்சு போனது அவங்க. நாங்க இருந்த இடத்துலயேதான் இருக்கோம்."

லுத்தரன் சபையின் பாட்டுப் போதகர், எதைப் பேசினாலும் ஒரு பாட்டில் முடிப்பவர், சபைச் சீர்திருத்தம் நடந்த ஆயிரத்து ஐந்நூற்றுப் பதினேழிலிருந்து தொடங்கினார். "நாங்க புதுசா எதையும் ஆரம்பிக்கலீங்க. ஆதியில இருந்ததுதான். நடுவுல படிஞ்ச அழுக்கை எடுத்தோம், அவ்வளவுதான். அது உங்களுக்குத் தெரியாததா?" அந்த ஒரு வாதம் லாண்டரிக்காரருக்கு நன்றாகப் புரிந்தது. அதற்குள் பாட்டு வந்துவிட்டது.

பாப்டிஸ்ட் சபையின் தொட்டி பாஸ்டர், ஆளை முழுசாகத் தண்ணீரில் முழுக்கித்தான் ஞானஸ்நானம் கொடுப்பவர், எந்த ஆண்டுக்கும் பிடி கொடுக்கவில்லை. "ஆயிரத்து ஐம்பத்து நாலும் வேணாம், ஆயிரத்து ஐந்நூத்துப் பதினேழும் வேணாம். நேரா ஆண்டவர் முழுகின யோர்தான் ஆத்துக்கு வாங்க. நீங்க முழுகியிருக்கீங்களா, தம்பி?"

"தினமும் முழங்கால் வரைக்கும் நிக்கிறேன், ஐயா."

"அது போதாது."

ஃபோனை வைத்தபோது லாண்டரிக்காரருக்குக் காது சூடாகிவிட்டது. ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிய மனைவி, "ஆயிரத்து ஐம்பத்து நாலு யாரோட துணி?" என்று கேட்டாள்.

"ஆக, யாரு மாமா முதல்ல வந்தது?" என்றார் மச்சான்.

"நாலு பேரும்."

"அப்ப பிரிஞ்சு போனது?"

"மத்த மூணு பேரும். ஆளாளுக்குக் கேட்டுப் பார்த்துட்டேன்."

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்போதும் அவருக்கு ஒன்றும் தெளிவாகவில்லை.

அரை மணி நேரத்தில் கடை வாசலில் இரண்டு கார், ஒரு ஸ்கூட்டர், ஒரு சைக்கிள் வந்து நின்றன. நால்வர் கையிலும் ஆளுக்கொரு புத்தகம். நால்வர் முகத்திலும் ஓர் ஆன்மா கரையேறப் போகிற ஆனந்தம். ஒருவரை ஒருவர் பார்த்ததும் அந்த ஆனந்தம் சட்டென்று வடிந்தது.

"இவர் என்கிட்டதான் முதல்ல கேட்டார்" என்றார் மணி ஃபாதர்.

"முதல்ல கேட்டா? எல்லாத்துலயும் நீங்கதான் முதலா?" என்றார் தாடி ஃபாதர்.

இஸ்திரி மேசையைச் சுற்றி நான்கு பேர் நின்று ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினால் எதுவும் காதில் விழாது. பாறை, பிளவு, அழுக்கு, ஆறு என்று துண்டு துண்டாக வந்து விழுந்தன. லாண்டரிக்காரருக்குத் தலை கிர்ரென்று சுற்றியது. ஆளை விட்டால் போதும் என்று உண்மையைக் கொட்டிவிட்டார்.

"நான் எந்தச் சபையிலும் சேரக் கேக்கலீங்க! உங்க அங்கிக் குறியெல்லாம் அழிஞ்சு போச்சு. எது யாரோடதுன்னு தெரியல. மன்னிச்சுடுங்க. நீங்களே பார்த்து எடுத்துக்குங்க!"

கோபித்துக்கொள்வார்கள் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அவர்களுக்கு வேறொரு சங்கடம். நான்கு பேருக்கும் தங்கள் அங்கியைத் தெரியவில்லை. மணி ஃபாதரின் அங்கியை மடித்து வைப்பது கோயில் பணியாளர். பாட்டுப் போதகருக்கு அவர் மனைவி. தாடி ஃபாதர் கையை நீட்டினால் யாரோ மாட்டிவிடுவார்கள். தொட்டி பாஸ்டரோ அங்கியை எப்போதும் நனைந்த நிலையில்தான் பார்த்திருக்கிறார்.

கொடியில் மூன்று அங்கிகள் ஒரே மாதிரி இருந்தன. நான்காவது மட்டும் பழையது. மஞ்சள் ஏறி, இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்டு, கழுத்தோரம் போகாத சிவப்புக் கறையோடு தொங்கியது.

லாண்டரிக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இதுல என்ன குழப்பம்? எது மூத்த சபையோ, அவங்களோடதுதான் இந்த மூத்த அங்கியா இருக்கும்" என்றார்.

நான்கு கைகள் ஒரே நேரத்தில் அந்த அங்கியைப் பிடித்தன.

"கறையைப் பாருங்க. திருப்பலியில சிந்தின திராட்சை ரசம். எங்களோடதுதான்" என்றார் மணி ஃபாதர்.

"உங்க கோயில்ல ரசக் கிண்ணம் ரொம்ப காலம் ஜனங்க பக்கமே வரலையே" என்றார் பாட்டுப் போதகர். "எல்லாருக்கும் கிண்ணம் கொடுத்தது நாங்க. எத்தனை பேர் குடிக்கிறாங்களோ அத்தனை சிந்தும். கறை எங்களுது."

"உள்ள ஒரு பை இருக்கு பாருங்க. செபமாலை வைக்க" என்றார் மணி ஃபாதர்.

"பாட்டுப் புத்தகம் வைக்க!"

தாடி ஃபாதர் அங்கியைத் திருப்பினார். முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவே, தடித்த துணியில் அழுத்தமாகத் தைத்த ஒரு வளையம் இருந்தது. அவர் குரல் கனிந்தது. "இப்படித் தையல் இப்ப யாரு போடுறா? இது ஆதிக் காலத்து முறை. மேல போடுற துண்டு நழுவாம இருக்க. மத்தவங்க இதையெல்லாம் எப்பவோ விட்டுட்டாங்க."

"அந்த வளையம் எங்களுக்குத்தான் தேவை" என்றார் தொட்டி பாஸ்டர். "தண்ணிக்குள்ள கால் வழுக்கினா பிடிச்சுத் தூக்க."

அங்கி நான்கு பக்கமும் இழுபட்டது. ஒட்டுப்போட்ட இடத்தில் 'டர்' என்று ஒரு சத்தம் கேட்டதும் லாண்டரிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். மச்சான் உடனே ரசீதுத் தாளைக் கிழித்து நான்கு துண்டாக்கினார்.

"சண்டை எதுக்குங்க? சீட்டுப் போட்டுப் பார்த்துடலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். தொட்டி பாஸ்டர் மட்டும் கையை எடுத்துவிட்டார். அவர் முகம் என்னவோபோல் ஆகிவிட்டது.

"அண்ணன்மார்களே, அங்கிக்குச் சீட்டுப் போட்டவங்க யாருன்னு ஞாபகம் இருக்கா? சிலுவைக்குக் கீழ நின்ன சிப்பாய்ங்க."

ஒவ்வொரு கையாக அங்கியிலிருந்து விலகியது. நால்வருக்கும் வெட்கமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த லாண்டரிக்காரருக்கும் காரணம் புரியாமலே வெட்கமாக இருந்தது.

"நீங்களே எடுத்துக்குங்க" என்றார் மணி ஃபாதர், தாடி ஃபாதரிடம்.

"ஐயோ, வேணாம். நீங்கதான் மூத்தவங்க."

"இல்ல இல்ல, போதகர் எடுத்துக்கட்டும்."

"எனக்கு எதுக்குங்க? பாஸ்டர்தான் கண்ணைத் திறந்தவர். அவருக்குத்தான் சேரணும்."

"நான் எடுக்கவே மாட்டேன்!"

பிடுங்கியபோது இருந்ததைவிட இப்போது சண்டை பலமாகிவிட்டது. யார் அதிகம் விட்டுக்கொடுப்பவர் என்பதில் யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கடைசியில் லாண்டரிக்காரரின் மனைவிதான் இஸ்திரி மேசையைத் தட்டினாள்.

"வயசுல பெரியவர் யாரோ அவர் எடுத்துக்கட்டும். மத்த மூணும் ஆளுக்கு ஒண்ணு. நான் கடையை மூடணும்."

வயதில் பெரியவர் தாடி ஃபாதர், எழுபத்து மூன்று. அவர் கண் கலங்கப் பழைய அங்கியை வாங்கிக்கொண்டு, மற்ற மூவரின் கையையும் பிடித்தார். பேச்சு அப்படியே வளர்ந்தது. நாளைக் காலை நான்கு கோயிலிலும் தனித்தனி ஆராதனை வேண்டாம், மைதானத்தில் ஒரே மேடையில் நான்கு பேரும் இந்த அங்கிகளோடு ஊர் பார்க்க நின்று கூட்டு ஜெபம் நடத்துவது என்று முடிவானது. பாட்டுப் போதகர் பாடத் தொடங்க, மற்ற மூவரும் ஆளுக்கொரு ராகத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

"ஆயிரம் வருஷமா யாராலும் முடியாததை ஒரு சோப்புத்தூள் செஞ்சிருச்சு, தம்பி" என்று மணி ஃபாதர் லாண்டரிக்காரரின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

வண்டிகள் போன பிறகும் லாண்டரிக்காரர் வாசலிலேயே நின்றார். நடந்ததில் பாதி அவருக்கு விளங்கவில்லை. ஆனால் மனசு லேசாகியிருந்தது. எதிர்க் கடையில் தம்பி குனிந்து ஏதோ மடித்துக்கொண்டிருந்தான். பேசி மூன்று வருடம் ஆகிறது. ஆயிரம் வருடத்துச் சண்டையே தீரும்போது இதென்ன பெரிசு என்று தோன்றியது. தெருவில் இறங்கினார்.

பாதித் தெருவில், தம்பியின் கடையிலிருந்து ஒரு பெரிய துணிப்பையோடு ஓர் அம்மாள் எதிரே வந்தார். நாடகக் குழுவில் வேஷத் துணிகளுக்குப் பொறுப்பானவர்.

"கடை மாறி அங்க போயிட்டேங்க. அவரு பையைத் திறந்து மடிப்பைப் பார்த்ததுமே, 'இது எங்க அண்ணன் கை மடிப்பு, சத்தம் போடாம அவர்கிட்டயே கொண்டுபோய்க் குடுங்க'ன்னுட்டாரு."

தம்பி தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று லாண்டரிக்காரருக்குப் புரிந்தது. கையில் இருந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னம்மா, துணியில ஏதாவது குறையா?" என்றார்.

"குறை இல்லீங்க, நீங்க காலையில அனுப்பின நாலும் யாரோ சாமியாருங்க அங்கி மாதிரி இருக்கு. எங்களோடது பேய் வேஷத்து அங்கி. மூணு சாதாப் பேய், ஒரு மூத்த பேய். மூத்த பேய்க்கு முதுகுல கயிறு மாட்டித் தூக்க வளையம் இருக்கும், உள்ள டார்ச் லைட்டு வைக்கப் பை இருக்கும். கழுத்துல இருந்த ரத்தக் கறையை மட்டும் எடுத்துடலையே?"