எட்டாயிரம் அடி

டிரைவர் ஒரு காலில் ஷூ போட்டிருந்தார். இன்னொரு ஷூ கையில் இருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

நடைப்பயிற்சிக்குக் கிளம்புகிறேன் என்று அவர் சொல்லி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. தையல் மிஷினை நிறுத்திவிட்டு மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, எவ்வளவு தூரம் போயிட்டீங்க?"

அவர் திடுக்கிட்டு விழித்தார். கையிலிருந்த ஷூவை ஸ்டியரிங் மாதிரி இடது பக்கம் ஒடித்தார்.

"கிளம்பிட்டேன்."

"தெரியுது. இடுப்புல இருக்கிறதைக் காட்டுங்க."

பெல்ட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி தொங்கியது. நடக்கிற ஒவ்வோர் அடியையும் எண்ணிக் காட்டும். மனைவி குனிந்து படித்தாள்.

"காலையிலேருந்து நூத்திப் பன்னெண்டு. அதுல பாதி பாத்ரூமுக்கு."

நோட்டை எடுத்து, தேதி போட்டு, நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினாள். டெப்போ டாக்டர் கருவியோடு கூடவே கொடுத்த நோட்டு அது.

டிரைவர் இருபத்திரண்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். இந்த வருஷப் பரிசோதனையில் எடையும் ரத்த அழுத்தமும் சேர்ந்தே ஏறியிருந்தன. டாக்டர் நல்ல மனிதர், ஆனால் வளைந்து கொடுக்காதவர்.

"ஆறு வாரம் டைம். தினம் எட்டாயிரம் அடி நடங்க. எடை ஆறு கிலோ குறையணும், பிரஷர் இறங்கணும். இல்லேன்னா வண்டி ஓட்ட நான் கையெழுத்துப் போட மாட்டேன். கழுவுற ஷெட்டுக்குப் போயிடுங்க."

கழுவும் ஷெட்டு கேவலமான இடம் இல்லை. ஆனால் அவருடைய வண்டி அங்கேயும் வரும். வேறொருவன் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துவான். அதன் சக்கரத்தில் இவர் தண்ணீர் அடிக்க வேண்டும்.

டாக்டருக்கென்ன, ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும், ஐந்து மணிக்குச் சாத்தும். டிரைவருக்கு இன்று விடியுமுன் டூட்டி, நாளை மத்தியானம், மறுநாள் துண்டு டூட்டி. துண்டு டூட்டி என்றால் காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் நாலு மணி நேரம். நடுவில் நாலு மணி நேரம் சும்மா கிடக்கும். வீட்டுக்குப் போய்த் தூங்கவும் காணாது, உட்கார்ந்து கழிக்கவும் முடியாது. எந்த நாள் எந்த டூட்டி என்பதும் முந்தின நாள் சாயங்காலம் போர்டில் சார்ட்டு ஒட்டினால்தான் தெரியும். அவர் உடம்புக்கே எப்போது பசிக்கணும், எப்போது தூங்கணும் என்று குழப்பம். அதனிடம் போய் நட என்றால் அது எங்கே கேட்கும்.

வீட்டுக்குள்ளேயே ஏதாவது செய்யலாமென்று ஒருநாள் பாயை விரித்தார். குப்புறப் படுத்து, கையை ஊன்றி எழும்ப வேண்டும். படுக்கிற பாதி ஒழுங்காக வந்தது. எழும்புகிற பாதிக்கு முன்னால் குறட்டை வந்துவிட்டது. மனைவி மேலே ஒரு போர்வையைப் போட்டுவிட்டுத் தைக்கப் போனாள்.

நாலாம் நாள், சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியில் அதைப் பார்த்தார். அவருடைய கண்டக்டர், நெட்டை என்று டெப்போ முழுக்கக் கூப்பிடப்படுகிறவன், பஸ்ஸுக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தான். நாள் பூராவும் நடக்கிறான். அத்தனை நடையும் யாருக்கும் பிரயோஜனமில்லாமல் போகிறது.

"நெட்டை, எனக்கு ஒரு உதவி செய்வியா?"

"சொல்லுங்கண்ணே."

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். இதை இடுப்புல மாட்டிக்கிட்டு உன் வேலையைப் பாரு."

நெட்டை கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வெடிக்காதே?"

"உன் அடியை எண்ணும்டா."

"அப்ப வியர்வை எனக்கு, பேரு உங்களுக்கு. சரி, குடுங்க."

கொக்கி நெட்டையின் ஒல்லி இடுப்பில் நிற்கவில்லை. டிக்கெட் கட்டிலிருந்து ஒரு சிவப்பு ரப்பர் பேண்டை உருவி, சுற்றிக் கட்டிக்கொண்டான்.

அன்று மனைவி கருவியை வாங்கிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பத்தொன்பதாயிரமா?"

"நடந்தேன்" என்றார் அவர் கூரையைப் பார்த்து.

"இந்த ரப்பர் பேண்டு ஏது?"

"கொக்கி லூசு."

அவள் ரப்பர் பேண்டைக் கழற்றி, நூல்கண்டு டப்பாவில் போட்டுக்கொண்டாள். பத்தொன்பதாயிரத்தை நோட்டில் எழுதினாள். சாப்பாட்டுத் தட்டு வந்தபோது முக்கால்வாசி வேகவைத்த காய் இருந்தது.

"இவ்வளவு நடந்தும் தொப்பை அசையலைன்னா, தப்பு சாப்பாட்டுல இருக்கு" என்றாள்.

மறுநாள் அவர் நெட்டையைக் கெஞ்சினார்.

"டேய், கொஞ்சம் குறைச்சு நட. என் சோறு போகுது. எட்டாயிரம் ஆனதும் உட்கார்ந்துடு."

எட்டாயிரம் பதினொரு மணிக்கே ஆகிவிட்டது. நெட்டை சொன்ன சொல் தவறாதவன். முன்சீட்டில் உட்கார்ந்து, டிக்கெட்டை ஆள் மாற்றி ஆள் பின்னால் அனுப்பினான். அது பாதி வழியில் எங்கேயோ நின்று போனது. மூன்றாவது நிறுத்தத்தில் செக்கர் ஏறினார். கண்டக்டர் சொகுசாக உட்கார்ந்திருக்கிறார், பின்பக்கம் ஒன்பது பேர் டிக்கெட்டில்லாமல் நிற்கிறார்கள். செக்கர் நெட்டையின் பேரை எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த சாயங்காலம் டிரைவர் சார்ட்டை இரண்டு தடவை படித்தார். நெட்டையை வேறு வண்டிக்கு மாற்றியிருந்தார்கள். ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் கிளம்புகிற வண்டி.

இவருக்கு வந்த புதுக் கண்டக்டருக்கு நங்கூரம் என்று பேர். பின்சீட்டில் ஒருமுறை உட்கார்ந்தால் வண்டி டெப்போவுக்குள் நுழைகிறபோதுதான் எழுந்திருப்பார். ஏறுகிறவர்கள் அவரிடம் போய் டிக்கெட் வாங்க வேண்டும். அவர் இடுப்பில் கருவியைக் கட்டியதற்கு நாள் முழுக்க முந்நூற்றுப் பதினொன்று காட்டியது.

"இன்னைக்குக் கொஞ்சம் அதிகம்தான்" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார் நங்கூரம்.

மறுநாள் டிரைவர் கருவியைக் கியர் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். பழைய வண்டி, குலுக்கலுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் எழுபத்திரண்டாயிரம்.

மனைவி கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு நிதானமாக எழுதினாள்.

"நாளைக்குக் கிளம்புறப்ப துணிமணி எடுத்து வச்சிடறேன். இந்த வேகத்துல போனா ராத்தங்கல் ஆயிடும்."

வேறு வழி இல்லை. நெட்டைதான் கதி. அவன் வண்டி கிளம்புகிற இடத்துக்கு பஸ்ஸில் போனால் இரண்டு வண்டி மாற வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும். ரயில் பாலத்தில் ஏறிக் குறுக்கே நடந்தால் இருபத்தைந்து நிமிஷம். பாலத்துக்கு எண்பத்து நாலு படி. நெட்டையின் வண்டி முதல் டிரிப் கிளம்புமுன் போய்க் கருவியைக் கொடுக்க வேண்டும், பிறகு போய் வாங்க வேண்டும். நெட்டைக்கு அந்தப் பக்கமே வீடு, டெப்போவுக்கு வரமாட்டான். துண்டு டூட்டி நாட்களில் சும்மா கிடந்த நாலு மணி நேரமும் இதற்கே சரியாகப் போயிற்று.

முதல் நாள் முப்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மேலே ஏறுகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்கிறவர் மாதிரி பாவனை செய்தார். அவர் போய்ச் சேரும்போது நெட்டையின் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக டிரைவர் ஒரு பஸ்ஸின் பின்னால் ஓடினார். ஓடிவருகிறவர்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தான் வண்டியை எடுத்த நாட்களெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தன.

"அண்ணே" என்றான் நெட்டை, ஜன்னல் வழியாகக் கருவியை வாங்கிக்கொண்டு. "இவ்வளவு தூரம் நடந்து வர்றதுக்கு, இதை நீங்களே கட்டிக்கிட்டு நடந்திருக்கலாமே?"

"எனக்கு நடக்க ஏதுடா நேரம்? உன்னைத் தேடவே பொழுது சரியா இருக்கு."

ஒரு வாரம் பார்த்தார். பிறகு சார்ட்டு போடுகிற கிளார்க்கிடம் போனார். சின்ன வயசுக்காரர், பணிவானவர். அவர் போட்டிருந்த சட்டையே டிரைவர் வீட்டு மிஷினில் தைத்ததுதான்.

"தம்பி, அந்த நெட்டையைத் திரும்ப என் வண்டியில போட்டுடேன். அவனில்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு."

"பாக்கிறேண்ணே. கேட்டுட்டுச் செய்யறேன்."

மேலதிகாரியைக் கேட்பார் போல என்று டிரைவர் நம்பிக்கையோடு திரும்பினார். இரண்டு நாளில் சார்ட்டு மாறியது. நெட்டையை மலைமேல் இருக்கிற தண்ணீர்த்தொட்டி வண்டிக்குப் போட்டிருந்தார்கள். இப்போது பாலமும் ஏற வேண்டும், அதைத் தாண்டி மேடும் ஏற வேண்டும்.

திரும்பப் போய் நின்றார்.

"தம்பி, நான் கேட்டது என்ன, நீ செஞ்சது என்ன?"

கிளார்க் பேனாவை உருட்டினார். பாவமாகப் பார்த்தார். "இதுக்கு மேல ரோடு இல்லேண்ணே" என்றார்.

அதற்கு என்ன அர்த்தமென்று டிரைவருக்குப் புரியவில்லை. செக்கருக்கு இன்னும் கோபம் தணியவில்லை என்று நினைத்துக்கொண்டார். நெட்டை தன்னால்தானே மாட்டினான் என்று மனது உறுத்தியது. மேற்கொண்டு கேட்காமல் மேட்டில் ஏறினார்.

நாலாவது வாரம் ஏதோ ஒரு நாளில் அலாரம் அடிக்குமுன் விழிப்பு வந்தது. ஏனென்று புரியாமல் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தார். ஷூவை இரண்டு காலிலும் போட்டு நாடாவைக் கட்டி முடித்தபோதும் தூக்கம் வரவில்லை. மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

"பாலத்துப் படி வழுக்கும். கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க."

"ம்" என்று நடந்தார். எண்பத்து நாலாவது படியில் நின்றுதான் முதல் மூச்சு வாங்கினார்.

ஆறு வாரம் முடிந்தது. பரிசோதனைக்குக் கிளம்பும்போது நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் தயங்கி நின்றார். உள்ளே எழுதியிருப்பது எல்லாம் பொய் நடை. இருபத்திரண்டு வருஷம் நேராக ஓட்டிவிட்டு, கடைசியில் இப்படிக் குறுக்கே புகுந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் மனைவியிடம்.

"வந்து சொல்லுங்க. டாக்டர் காத்திருப்பார்." அவருடைய பெல்ட்டைப் பிடித்து, புதிதாக ஊசியால் குத்திய ஓட்டையில் மாட்டிவிட்டாள். ஆறு வாரத்தில் அது மூன்றாவது ஓட்டை.

டாக்டர் எடை பார்க்கும் மிஷினை ஒருமுறை தட்டினார். இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். ரத்த அழுத்தத்தை இரண்டு கையிலும் பார்த்தார்.

டிரைவர் முந்திக்கொண்டார். "டாக்டர், அந்த நோட்டை நம்பாதீங்க. அது என் நடை இல்லை. எங்க கண்டக்டர் நடந்தது."

"அப்படியா?" டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப உங்க கண்டக்டர் நடந்து உங்களுக்கு ஏழு கிலோ குறைஞ்சிருக்கு. பிரஷரும் இறங்கியிருக்கு. அவரை விட்டுடாதீங்க."

கையெழுத்துப் போட்டார்.

டிரைவர் அந்தக் காகிதத்தோடு டெப்போ வாசலில் வெகுநேரம் நின்றார். பாலம், மேடு, பஸ் பின்னால் ஓடிய ஓட்டம், எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவருடைய வண்டி கழுவி முடித்து ஷெட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. போகிற போக்கில் அதை ஒரு தட்டு தட்டினார்.

நேராக சார்ட்டு அறைக்குப் போனார். கிளார்க் நாளைய சார்ட்டை எழுதிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அன்னைக்கு உன் மேல கோபப்பட்டேன். நான் கேட்டதை நீ செய்யாததே நல்லதாப் போச்சு. என் அதிர்ஷ்டம்னு வச்சுக்க. இனிமே நடையை நானே பாத்துக்கறேன், பாவம் நெட்டை மலையேறிச் சாகறான். நாளையிலேருந்து அவனை என் வண்டிக்கே போட்டுடு."

கிளார்க் பேனாவைக் காகிதத்துக்குக் கொண்டுபோனார். எழுதாமல் எடுத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போனைத் தேடினார்.

"எதுக்கும் அண்ணியை ஒரு வார்த்தை கேட்டுடறேண்ணே. அஞ்சு வாரமா உங்க சார்ட்டை அவங்கதானே போடறாங்க."