ஏழாம் அறையின் ரகசிய எண்

நான் யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டேன். திமிர் இல்லை, கூச்சம். கல்யாண வீட்டில் யாராவது கையைப் பிடித்து இழுத்தால்தான் பந்தியில் உட்காருவேன் (யாரும் இழுக்காமல் பசியோடு திரும்பிய கல்யாணங்களும் உண்டு). இப்படிப்பட்டவனைக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் சாவி கொடுக்கும் மேசையில் உட்கார வைத்தார் என் முதலாளி.

முதலாளியின் மருமகள் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். சீசனுக்கு முன் ஓர் ஏற்பாடு செய்து தந்தாள். தங்குபவர்கள் தங்கள் போனில் அறை எண்ணைத் தட்டி வெந்நீர் கேட்டால், என் போனில் வந்து விழும். முகம் பார்க்க வேண்டாம்! ஆனால் முதல் வாரமே இரண்டாம் அறைக் கல்லூரி மாணவர்கள் மற்ற அறைகளின் எண்களைத் தட்டி விளையாடினார்கள். கேட்காத அறைகளுக்கெல்லாம் வாளி சுமந்து திட்டு வாங்கினேன்.

உடனே மருமகள் ஒவ்வோர் அறைக்கும் நாலு இலக்க ரகசிய எண் ஒன்றை, அறை எடுப்பவர் போனுக்கே போகும்படி செய்தாள்.

"கேக்கது யாருன்னு மெஷினுக்குத் தெரியாது அண்ணாச்சி. ஒவ்வொரு தடவையும் நம்பர் வரணும். காலைல சொன்னாங்களேன்னு சாயந்தரம் விட்றக் கூடாது. நேர்ல வந்து கேட்டாலும் இதே ரூல்தான்."

படித்தது அஞ்சாம் வகுப்பு என்றாலும், ஒரு விதியைப் பிடித்தால் விடமாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை என் மனம் முழுக்க மறுநாளின் மேல் இருந்தது. ராயகிரியிலிருந்து என் மகள் செல்வியைப் பெண் பார்க்கத் தென்காசியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். போட்டோவைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப் போயிருந்தது. முன்னால் வந்த இரண்டு இடங்களும் 'பொண்ணோட அப்பா முகம் குடுத்தே பேசல' என்று தட்டிப் போனவை.

சாயங்காலம் சாரலில், இடுப்பில் ஈரத்துண்டோடு ஒருவர் வந்து நின்றார். உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுப்பு.

"ஏழாம் ரூம் சாவி தாரும்."

"ரகசிய நம்பர் சொல்லுங்க."

"ரூம் எடுத்தது என் வீட்டுக்காரி. நம்பர் அவ போன்ல இருக்கு, அவ கோயிலுக்குப் போயிருக்கா. வேய், காலைல நீருதான சாவி தந்தீரு?"

"காலைல நம்பர் சொன்னிய, தந்தேன். இப்பமும் சொல்லணும்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லும். களவாணி மாதிரியா இருக்கேன்?"

பார்த்தால்தானே! நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் கால்களை. வலது பெருவிரலில் நகம் இல்லை.

"குளுருது வேய். ஒரு காஞ்ச துண்டாவது தாரும்."

"அதுக்கும் நம்பர் வேணும்."

ஒரு மணி நேரம் நின்றார். மனைவி வந்து எண்ணைச் சொன்னதும், மிகுந்த மரியாதையோடு சாவியையும் துண்டையும் கொடுத்தேன் (என் கடமை உணர்ச்சியை நானே மெச்சிக்கொண்டேன்).

மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் கைகூப்பித் தலைகுனிந்து நின்றேன். மாப்பிள்ளையின் அப்பா செருப்பைக் கழற்றினார். வலது பெருவிரலில் நகம் இல்லை.

குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வெளியே அடுக்குத் தும்மல் கேட்டது. சம்பந்தம் பேசும்போது தும்மினால் ஆகாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். என் மனைவி கதவைத் தட்டினாள். நான் அசையவில்லை. பிறகு செல்வியின் குரல்.

"அப்பா, என்னப்பா செஞ்சிய?"

அந்தக் குரலில் அழுகை இருந்தது. திறந்து, மாப்பிள்ளையின் அப்பா முன்னால் போய் நின்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு புது மனிதரின் முகத்தை நேராகப் பார்த்தேன். மூக்கு மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

"நேத்து... நான்தான் அண்ணாச்சி... ரூலு..."

அவர் வாய் திறக்குமுன் அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது சகுனத் தும்மல் இல்ல, இந்த அண்ணாச்சி குடுத்த தும்மல்! கல்யாணமான நாள்லருந்து இவுகளை ஒரு இடத்துல ஒரு மணி நேரம் நிக்க வச்ச ஆளு உண்டா? எனக்கு இந்த வீட்டுப் பொண்ணுதான் வேணும்."

அவர் இன்னொரு முறை தும்மினார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

இப்போதும் ராயகிரிக்குப் போனால் சம்பந்தி வாசலை மறித்து நிற்பார். "நம்பர்?" ஏழாம் அறையின் நாலு இலக்கத்தையும் சொன்னால்தான் உள்ளே போகலாம். வீடே கூடி நின்று சிரிக்கும். சாப்பிட்டுக் கொல்லையில் கை கழுவித் திரும்பினால் அங்கேயும் நிற்பார்.

"இப்பம்தான சொன்னேன் சம்பந்தி?"

"அது அப்பம். இப்பமும் சொல்லணும்."

சொல்கிறேன், அவர் முகத்தைப் பார்த்தே.