செங்கோடன் பெட்டியின் அடிப்பலகை

மலைமேல் வாழவந்தி நாட்டில் ஆணியே இல்லாமல் பெட்டி செய்யப் போகிற முதல் ஆள் தான்தான் என்று செங்கோடன் அறிவித்தபோது, பக்கத்தில் அவன் மனைவி கண்ணாயியும் பதினோரு ஆடுகளும்தான் இருந்தார்கள். ஆடுகள் அசை போட்டன. கண்ணாயி களி கிண்டினாள்.

மிளகு விற்க மலையிறங்கியவன், அடிவாரத்தில் ஓர் ஆசாரியின் பட்டறையில் நான்கு நாள் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தான். அங்கே யாரோ ஒரு துரைக்குப் பெட்டி தயாராகிக்கொண்டிருந்தது. அதன் அடியைப் பார்த்துத்தான் செங்கோடன் சொக்கிப்போனான். பலகையின் ஓர் ஓரம் முழுக்கப் பள்ளம். அதன் பேர் காடி. மறு ஓரம் முழுக்க மெல்லிய துருத்தல். அதன் பேர் நாக்கு. ஒன்றின் நாக்கை இன்னொன்றின் காடிக்குள் தட்டிவிட்டால் இரண்டும் ஒரே பலகை. கடைசிப் பலகையின் ஓரத்தை எப்படி முடிப்பது என்று ஆசாரி ஐந்தாம் நாள் சொல்லிக்கொடுத்தார். அதற்குள் இவன் மலையேறிவிட்டான். நாலு நாளில் முழு ஆசாரி ஆனவனுக்கு ஐந்தாம் நாள் எதற்கு?

கண்ணாயிக்கு வேண்டியது பெட்டி அல்ல. போன ஐப்பசி மழையில் ஆட்டுப்பட்டிச் சேற்றில் நின்று நின்றே குளம்பு அழுகி இரண்டு குட்டிகள் செத்தன. ஒரு வாரம் அழுதாள். ஆடு நிற்க ஒரு பலகை மேடை போடச் சொல்லி இரண்டு வருஷமாகக் கேட்கிறாள். பரணில் பதினாறு பலாப் பலகைகள் சும்மாதான் கிடந்தன.

"ஏனுங்க, இந்த மழைக்காச்சும் ஆட்டுக்குப் பலகை போட்டுருங்க."

"ஆட்டுக்கா? வித்தை படிச்ச கை புள்ள இது! ஆட்டு மூத்தரத்துல நனையறதுக்கா நான் கத்துக்கிட்டு வந்தேன்?"

"சரிங்க."

கண்ணாயி இப்படிச் சட்டென்று 'சரிங்க' சொன்னால் புத்தியுள்ள எந்த ஆணும் உஷாராகிவிடுவான். செங்கோடன் இன்னொரு உருண்டை களி கேட்டான்.

மறுநாளே அவள் உதவிக்கு வந்து நின்றாள்.

"ஊட்டுக்குள்ள பொகையுங்க, இருட்டுங்க. ஆடு மேயப் போயிட்டாப் பட்டி பகலெல்லாம் காலிதான். அங்க வெச்சுச் செய்யுங்க. தரையில வெச்சுக் குனிஞ்சா முதுகு புடிச்சுக்கும். எந்தம்பியக் கால் நட்டு, மேல குறுக்குக்கட்டை போடச் சொல்றேன்."

பெண்டாட்டி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று செங்கோடனுக்கு மனசு நிறைந்துபோயிற்று. மச்சான் சின்னராசு வந்து முழங்கால் உயரத்தில் ஆறு கால் நட்டான். ஒரு பெட்டி அடிக்கு ஆறு கால் எதற்கு என்று செங்கோடன் கேட்கவில்லை. பெரிய கலைஞனுக்குப் பெரிய மேடை. அதிலென்ன சந்தேகம்?

மூன்று நாளில் மூன்று பலகைகள் இழைத்து, வெட்டி, கோத்தாயிற்று. பெட்டிக்கு அது தாராளம்.

"பாத்தியா? ஆணி இருக்குதா?"

"இல்லீங்க."

"இனி இதைப் பிரிக்க ஒருத்தன் பொறந்துதான் வரணும்."

"அப்படீங்களா?" கண்ணாயி மூன்றாவது பலகையின் வெளி ஓரத்தை விரலால் தடவினாள். "இந்தக் காடி ஏனுங்க சும்மாக் கெடக்குது? இதுக்கு நாக்கு இல்லீங்களா?"

செங்கோடன் பார்த்தான். காடி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இதை என்ன செய்வது? அது ஐந்தாம் நாள் பாடம். தெரியாது என்று சொல்லலாம். ஆனால் கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அந்த வார்த்தையை அவன் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"அது... அடுத்த பலகைக்கு."

"அதானே பாத்தேன்!" கண்ணாயி ஓடிப்போய்ப் பரணிலிருந்து நாலாவது பலகையை இறக்கினாள்.

நாலாவதன் நாக்கு மூன்றாவதன் காடிக்குள் கச்சிதமாக இறங்கியது. நாலாவதன் காடி காலியாகக் கிடந்தது. ஐந்தாவதில் செங்கோடன் சாமர்த்தியமாக நாக்கோடு நிறுத்திக்கொண்டான். அந்நேரம் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துச் சின்னுசாமி வேலியோரம் வந்தான்.

"ஏனுங்க," என்றாள் கண்ணாயி, சின்னுசாமிக்குக் கேட்கிற மாதிரி. "இதுக்கு மட்டும் காடியக் காணோம்? மறந்துட்டீங்களா?"

"நானா? மறக்கறதா? இப்பத்தான் வெட்டப் போறேன்!"

வெட்டினான். ஆறாவது இறங்கியது. ஏழாவது இறங்கியது.

"என்ன மாப்ள," என்றான் சின்னுசாமி, பத்தாவது பலகையன்று. "பொட்டில யானையப் போட்டுப் பூட்டப் போறியா?"

"தொரைமாரு பொட்டியெல்லாம் இந்த அளவுதானுங்களாம் அண்ணா," என்றாள் கண்ணாயி. "இவரு நேர்லயே பாத்துட்டு வந்தாருங்க."

செங்கோடன் தலையாட்டினான். வேறு என்ன செய்வான்?

பதினாறாவது பலகை கடைசிக் காலைத் தொட்டது. அதோடு பரணும் காலி. அன்று மத்தியானமே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் மேய்ச்சலிலிருந்து திரும்பிய ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாவிப் பலகைமேல் ஏறின.

"ஏ புள்ள! பொட்டியோட அடி அது! வா, ஊட்டுக்குள்ள தூக்கலாம்!"

"வாசல் ரண்டு முழந்தானுங்களே. இது ஏழு முழமாச்சே?"

"அப்பப் பிரிச்சு எடுக்கறேன்!"

மரச்சுத்தியலான கொட்டாப்புளியை எடுத்து அடித்தான். ஈரத்தில் பலா ஊறி, நாக்கு காடிக்குள் உப்பிக்கொண்டிருந்தது. இன்னும் ஓங்கி அடித்தான். ஒரு பலகையாவது அசைய வேண்டுமே! வேலை அத்தனை சுத்தம். சின்ன வெள்ளாட்டுக் குட்டி ஒன்று காய்ந்த காலோடு நின்று, கணுக்கால் சேற்றில் நின்றவனை வேடிக்கை பார்த்தது. அதைக் கண்டு கண்ணாயிக்கு வயிறு குளிர்ந்தது. புருஷன்மேல் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. சாக்கை மழைக்குப் போடும் கொங்காணியாக மடித்து அவன் தலையில் போட்டுவிட்டாள்.

"நனையாதீங்க சாமி. மழை உட்டதும் நாலு பக்கமும் பலகை வெச்சிருங்க, பாதியில நின்னா இதைப் பொட்டின்னு ஆரு நம்புவாங்க? மேல மூடிய மட்டும் கொஞ்சம் சரிவா வைங்க, தண்ணி வடியட்டும்."