இருபத்திரண்டு ஸ்குரு ஆணிகள்

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் சக்கரத்துக்கு அடுத்த இடம் பிக்கப்பின் பின்பெட்டிக்குள் பூட்டும் லைனருக்குத்தான் என்று பஸ்ரியன் அறிவித்தான். அப்போது அவன் பேசாலைக் கடற்கரையில் ஒரு மீன்பெட்டியின் மேல் ஏறி நின்றான். பெட்டிக்குள் கிடந்த பாரைமீன்கள் மட்டும் மறுப்புச் சொல்லவில்லை.

"உப்புத்தண்ணி தகரத்தைத் தின்னுது. ஏன் தின்னுது? நாங்கள் தின்ன விடுறம்!" என்று பஸ்ரியன் கொதித்தான். "இதைப் பாருங்கோ. யப்பான் சாமான். ஒரே வார்ப்பு. பின்பெட்டிக்குள்ள இறக்கினால் சட்டை போட்ட மாதிரி இருக்கும். ஸ்குரு ஆணி பூட்டுற ஓட்டையைக்கூட அங்கேயே போட்டு அனுப்பியிருக்கிறான். இருபத்திரண்டு ஓட்டை! என்ர வண்டிக்கெண்டே அளவெடுத்த மாதிரி!"

தடித்த கறுப்புப் பிளாஸ்டிக்கில், ஒரு பெரிய தொட்டியைப் போல இருந்தது லைனர். மன்னார் பட்டினத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் நல்லையாவிடம் தன் றேடியோவைக் கொடுத்து அதை மாற்றி வந்திருந்தான். யுத்தகாலத்தில் றேடியோவைக் கொடுப்பவன் ஒன்றில் ஞானியாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பஸ்ரியனாக இருக்கவேண்டும். நல்லையா அந்த றேடியோவைத் துடைத்து, தட்டில் ஒரு சுவர்மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கூட்டத்தில் ஏரம்பரும் நின்றார். சண்டையில் பெரியமடுவை விட்டு வெளிக்கிட்டு, போன வருஷம் தன் பிக்கப்போடு பேசாலைக்கு வந்து சேர்ந்தவர். இரண்டு பேருடைய வண்டியும் ஒரே ரகம். ஏரம்பர் தன் வண்டியின் பின்பெட்டியில் மூன்று பனையோலைப் பாய்களை விரித்து, அதன்மேல் மீன் ஏற்றுவார்.

"ஏரம்பண்ணை, உங்கட வண்டியைப் பார்த்தால் மீன் ஏத்துற வண்டி மாதிரித் தெரியேல்லை. செத்தவீட்டுக்குச் சனம் குந்த விரிச்சுவிட்ட மாதிரிக் கிடக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். ஏரம்பர் லைனரை ஒரு முறை தடவிப் பார்த்தார்.

"நல்ல சாமான் தம்பி. பூட்டுறது லேசு" என்றார். பிறகு, "இப்ப நேரம் என்ன இருக்கும்?" என்று கேட்டார். அவர் யாரைக் கண்டாலும் நேரம் கேட்பவர்.

மீனுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி யேசுதாசன் சிரிக்கவில்லை.

"யப்பானோ சீமையோ எனக்கு வேண்டாம், பஸ்ரியன். ஒன்பது மணிக்கு மன்னாரில இருந்து ஐஸ் லொறி வெளிக்கிட்டிடும். அதுக்கு முதல் என்ர மீன் லொறியில ஏறவேணும். மூண்டு நாள் பொறுப்பன். நாலாம் நாளும் பிந்தினால் முழு மீனையும் ஏரம்பரிட்டக் குடுத்திடுவன்."

பஸ்ரியனுக்கு வேறு ஓட்டம் கிடையாது. அந்த மீன்தான் அவன் வீட்டு அடுப்பு.

திங்கட்கிழமை காலை சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் தடியால் லைனரைத் தட்டினான். டொங் என்றது. லைனருக்கும் தகரத்துக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அந்த நாட்களில் வீதியில் கேட்கக்கூடாத சத்தங்களில் இந்த டொங்கும் ஒன்று.

"மேக்க யட மொனவத?" என்றான் சிப்பாய், தடியால் கீழே காட்டி.

"கீழ ஒண்டுமில்லை சேர். தகரம்."

சிப்பாய் தனக்குத் தெரிந்த தமிழைத் திரட்டினான். "ஒண்டும் இல்ல. பிறகு ஏன் மூடுறது?"

மீன்பெட்டிகள் இறங்கின. ஒரு சதக்குற்றி நாணயத்தை வைத்து இருபத்திரண்டு ஆணியையும் கழற்றினான். கீழே தகரம் இருந்தது. சிப்பாய்க்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. இருபத்திரண்டையும் திரும்பப் பூட்டி முடிக்கப் பத்து மணி.

இதற்கிடையில் ஏரம்பரின் வண்டி வந்தது. சிப்பாய் துவக்கு நுனியால் பாயின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, "யன்ன" என்று கையை வீசினான். ஏரம்பர் போய்விட்டார்.

"ஓலையை நம்புறாங்கள், யப்பானை நம்பமாட்டாங்களாம்!" என்று பஸ்ரியன் பேசாலை வரைக்கும் தனியே கத்திக்கொண்டு வந்தான். "இது நீதியோ?"

குற்றம் அந்த டொங்கில்தான் என்று அன்று பின்னேரம் கண்டுபிடித்தான். லைனரைக் கழற்றி, இடைவெளி முழுக்கத் தென்னந்தும்பை அடைத்து, திரும்பப் பூட்டினான்.

செவ்வாய்க்கிழமை சிப்பாய் தட்டினான். தொப் என்றது. அவன் முகம் மாறிவிட்டது. நேற்று வெறுமையாக இருந்த இடம் இன்று நிரம்பியிருக்கிறது. அவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். அந்த இன்னொருவன் நாயைக் கூப்பிட்டான்.

மீன் வண்டிக்குள் ஏறி மோப்பம் பிடிக்கும்படி ஒரு நாய்க்குக் கட்டளை கிடைப்பது வாழ்க்கையில் ஒரு தடவைதான். அது ஒரு பாரையை முழுதாகத் தின்றது. பிறகு திருப்தியாக லைனரின் நடுவில் உட்கார்ந்துவிட்டது. நாய் உட்கார்ந்தால் வெடிமருந்து இருக்கிறது என்று அர்த்தமாம். சாவடி முழுவதும் நாற்பது கஜம் பின்னால் ஓடி, மண்மூட்டைகளுக்குப் பின்னால் படுத்தது.

"கலவன்ன!" என்று மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கழற்று என்பதற்குச் சிங்களம் அதுதான் என்பதைப் பஸ்ரியன் நேற்றே கற்றிருந்தான்.

நாய் எழும்பவில்லை. பஸ்ரியன் நாயைச் சுற்றி ஆணி கழற்றினான்.

"ரெண்டு" என்றார் சம்மாட்டி அன்று மத்தியானம்.

அரசாங்கத்தோடு அரசாங்கம்தான் பேசவேண்டும் என்று பஸ்ரியன் முடிவுகட்டினான். தும்பை எடுத்துக் கொட்டிவிட்டு, ஊர் அதிகாரியான விதானையாரிடம் போனான். விதானையார் முதலில் மறுத்தார். பிறகு பஸ்ரியனின் சத்தத்தைத் தாங்கமுடியாமல் முத்திரை குத்திக் கொடுத்தார்: 'மேற்படி பஸ்ரியன் என்பவரின் வாகனத்தில் லைனருக்குக் கீழே எதுவும் இல்லை என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.'

புதன்கிழமை, தோளில் நட்சத்திரம் வைத்த ஒருவர் கடிதத்தை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். பிறகு நல்ல தமிழிலேயே பேசினார்.

"இந்த ரோட்டில ஒரு நாளைக்கு நூறு வாகனம் போகுது. ஒருத்தரும் கீழ ஒண்டுமில்லை எண்டு கடிதம் கொண்டு வாறதில்லை. நீ மட்டும் ஏன் கொண்டு வந்தாய்?"

"சேர், நீங்கள்தானே..."

"விதானை கழட்டிப் பார்த்தவரோ?"

"இல்லை சேர்."

"பாக்காமல் எப்படித் தெரியும்?"

விதானையாரைக் கூட்டிவர ஆள் போனது. அவர் சைக்கிளில் வந்து இறங்கி, ஆணி கழற்றிக்கொண்டிருந்த பஸ்ரியனை மேலும் கீழும் பார்த்தார்.

"இவரை எனக்கு அவ்வளவாப் பழக்கமில்லை" என்றார்.

வெயிலில் பெட்டிகள் நாறத் தொடங்கின. வீதியில் ஏரம்பரின் பிக்கப் திரும்பிவந்து அவன் பக்கத்தில் நின்றது. அவர் அதற்குள் மீனை ஐஸ் லொறியில் ஏற்றிவிட்டிருந்தார்.

"நேரம் என்ன தம்பி?"

"உங்களுக்கு நக்கலோ?" என்று பஸ்ரியன் பாய்ந்தான். "வேணுமெண்டு கேக்கிறியளோ?"

"இல்லையப்பன். உண்மையாத் தெரியாது" என்றார் ஏரம்பர். போய்விட்டார்.

அன்று பின்னேரம் பஸ்ரியன் யாருக்கும் சொல்லாமல் மன்னாருக்குப் போனான். நல்லையாவின் கடை வாசலில் லைனரைத் தொப்பென்று இறக்கினான்.

"இதைப் பிடியுங்கோ. என்ர றேடியோவைத் தாங்கோ."

தட்டில் அவனுடைய றேடியோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மணிக்கூடு ஐந்து அடித்தது.

"மாத்தின சாமானைத் திருப்பிக் குடுக்கிற வழக்கம் எங்களிட்ட இல்லைத் தம்பி" என்றார் நல்லையா மிகுந்த துக்கத்தோடு. "ஆனாலும் உங்களைப் பார்க்கப் பாவமாக் கிடக்கு. தூக்கிக்கொண்டு அலையாதேங்கோ. லைனரைப் பின்னுக்கு வைச்சிட்டுப் போங்கோ, நான் பார்த்துக்கொள்ளுறன்."

இவ்வளவு நல்ல மனிதரோடு சண்டை பிடிக்க முடியாமல், பஸ்ரியன் லைனரைப் பின்னுக்கு வைத்தான்.

அடுத்ததாக வண்டி பள்ளிமுனைக்குப் போனது. பாய் இழைத்து விற்கும் பேச்சியம்மாவின் வீட்டு ஒழுங்கைக்கு வெளியே, வேலியோரமாக அதை மறைத்து நிறுத்தினான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தான்.

"அக்கா, மூண்டு பாய் வேணும். வீட்டில படுக்கத்தான்" என்றான் மெதுவாக.

பேச்சியம்மா அளவு கேட்கவில்லை. உள்ளே போய், சுருட்டிவைத்திருந்த மூன்று பாய்களைக் கொண்டுவந்து முற்றத்தில் விரித்தாள். ஓரத்துப் பாய்கள் இரண்டிலும் பக்கவாட்டில் ஒவ்வொரு சதுரம் வெட்டி, வெட்டிய இடத்தை அழகாக மடித்துத் தைத்திருந்தது.

"இதென்ன அக்கா, வெட்டிக் கிடக்கு?"

"வண்டிக்குள்ள சில்லுக்கு மேல மேடு வருமெல்லோ, அதுக்கு" என்றாள் பேச்சியம்மா, பாய்களைத் திரும்பச் சுருட்டிக்கொண்டே. "அந்த லைனருக்கு ஏரம்பண்ணை மணிக்கூடு குடுத்தவர். நீங்கள் என்ன குடுத்தனீங்கள்?"