இருபதுக்கு இருபது வாங்கிய உடும்பு

ஒரு காட்டில் மரம் இருந்தது, மட்டை இருந்தது, காற்றும் இருந்தது. அந்தக் காற்றை உள்ளே இழுக்கத்தான் பாதிப்பேருக்கு முடியவில்லை. காட்டின் தெற்கு ஓரத்தில் மனிதர்கள் செங்கல் சூளை போட்டிருந்தார்கள். தென்காற்று அடித்தால் புகை நேராக உள்ளே வரும். மனிதர்களைச் சொல்லிப் பிரயோஜனமில்லை, அவர்கள் இந்தக் கதையில் வரப்போவதும் இல்லை. விடுங்கள்.

அந்தக் காட்டில் பேச்சியம்மா என்ற உடும்பு சுகாதார ஊழியராக இருந்தாள். பதினோரு வருஷ சர்வீஸ். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதர் புதராக, பொந்து பொந்தாகப் போவாள். யாருக்கு வீசிங், யாருக்கு இருமல், யார் மருந்தைப் போடாமலேயே போட்டேன் என்று புளுகுகிறார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இதையெல்லாம் அவளுக்கு யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. அவள் தங்கை வீசிங் வந்து மூச்சு முட்டி அவள் கண் முன்னால் செத்துப்போனாள். அதற்கப்புறம் யார் யாரைக் கேட்கலாமோ அத்தனை பேரையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அவளுடைய பெரிய கவலை மரகதம் என்ற புள்ளிமான். காட்டிலேயே கடுமையான வீசிங் மரகதத்துக்குத்தான். மானுக்கு வீசிங் வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மான்கள் தண்ணீர் குடிக்கிற குளத்துக்கு, குடிக்கிற நேரமாகப் பார்த்துத்தான் சிறுத்தையும் வரும். மற்ற மான்கள் பிய்த்துக்கொண்டு ஓடும். மரகதம் நாலு பாய்ச்சல் பாய்ந்துவிட்டு, நின்று 'கீ... கீ...' என்று இழுப்பாள்.

பேச்சியம்மா அவளுக்குப் பிரவுன் இன்ஹேலர் பம்ப் தினம் இரண்டு வேளை கொடுத்தாள், இளைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவசரத்துக்கு நீல பம்ப். யாரோ வீசிவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு, அதில் பம்பைச் சொருகி, வாய்ப்பக்கத்தை மரகதத்தின் வாயில் வைப்பாள்.

"மூச்ச வெளிய விடு. இப்ப அடிக்கேன், மெதுவா இழு. பிடி, பிடி, பத்து எண்ணு. ம், விடு."

"எக்கா, இத ஆரம்பிச்சா அப்புறம் நிறுத்தவே முடியாதாமே? குரங்கு சொல்லிச்சு."

"குரங்குக்கு வேற சோலி இல்ல. மூச்சு விடுறதயும்தான் பொறந்த அன்னைக்கு ஆரம்பிச்ச. அத நிறுத்திட்டியா?"

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. மரகதமும் ஓடினாள். சிறுத்தை பலமுறை வெறும் வயிற்றோடு திரும்பிப் போனது.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் பொறுக்குமா? காட்டைத் திருத்த ஒருவர் கிளம்பினார். நாலு காடு தள்ளி ஒரு பெரிய ஏரிக்கரையில் நாரை டாக்டர் என்று ஒரு நிபுணர் இருந்தார். ஆஸ்துமாவைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. ஆஸ்துமாக்காரர்களை அவர் நேரில் பார்த்துத்தான் ரொம்ப நாளாகிவிட்டது. இருந்த இடத்தில் இருந்தபடியே எல்லாக் காட்டு ஊழியர்களுக்கும் டாக்டர்களுக்கும் செல்போன் வழியாகப் பயிற்சி கொடுப்பது என்று முடிவு செய்து ஓர் உத்தரவு அனுப்பினார்.

திங்கட்கிழமை தோறும் மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை வகுப்பு. ஆறு வாரம். தொடங்கும் முன் ஒரு தேர்வு, முடிந்த பின் அதே தேர்வு. அதில் முன்னேற்றம் காட்டுகிற ஊழியர் கையெழுத்துப் போட்டால்தான் இனிமேல் இன்ஹேலர் வெளியே போகலாம்.

அந்தக் காட்டில் டவர் கிடைக்கிற ஒரே இடம் மொட்டைப்பாறை உச்சி. பேச்சியம்மா ஏறிப் போனாள். காட்டு ஆஸ்பத்திரி டாக்டர் கரடியும் மூச்சு வாங்க ஏறி வந்தார். கரடி டாக்டர் தங்கமானவர். எந்த வியாதிக்கும் ஒரே சிரப்தான் எழுதுவார், கை நடுங்காமல் எழுதுவார்.

முன்தேர்வில் இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, ஒன்றைத் தொட வேண்டும். பேச்சியம்மா பத்து நிமிஷத்தில் முடித்தாள். இருபதுக்கு இருபது. கரடி டாக்டருக்கு ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலே ஐந்து வரும். அவர் ஒரு மணி நேரம் யோசித்துக் குத்தினார்.

மூன்றாவது திங்கள் மரகதத்துக்குத் திடீரென்று இழுத்தது. அக்கா எங்கே என்று தேடிக்கொண்டு பாறை உச்சிக்கே வந்துவிட்டாள். செல்போனில் அப்போது நாரை டாக்டர் 'வீசிங் சத்தத்தை அடையாளம் காண்பது எப்படி' என்ற பாடத்தில் இருந்தார்.

"கீ... கீ..." என்றாள் மரகதம்.

"யாரது விசில் அடிக்கிறது?" என்றார் நாரை. "தயவுசெஞ்சு மைக்கை ஆஃப் பண்ணுங்க. முக்கியமான இடம் போயிட்டிருக்கு."

கரடி டாக்டருக்கு எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. நிபுணர் கோபித்துக்கொள்வாரே என்ற பதற்றத்தில் மரகதத்தின் வாயைப் பொத்தினார். பேச்சியம்மா அவர் கையைத் தட்டிவிட்டு, பாட்டிலை எடுத்து நீல பம்பை அடித்தாள். பத்து நிமிஷத்தில் சத்தம் அடங்கியது.

"அந்த உடும்பம்மா பாட்டில வெச்சு என்ன விளையாடிட்டிருக்காங்க?" என்றார் நாரை. "கவனம் இங்க இருக்கட்டும்மா."

ஆறு வாரம் முடிந்தது. பின்தேர்விலும் பேச்சியம்மா இருபதுக்கு இருபது. கரடி டாக்டர் நாலு. மறுநாள் முடிவு வந்தது. கரடி டாக்டர் ஒன்றிலிருந்து நாலு, முந்நூறு சதவீத முன்னேற்றம். அவருக்கு ஒரு கேடயமும், ஆஸ்பத்திரி அலமாரிக்கு நாற்பது இன்ஹேலரும் வந்தன. பேச்சியம்மா இருபதிலிருந்து இருபது, முன்னேற்றம் சுழியம். 'இவருக்குப் பயிற்சியால் பலன் ஏற்படவில்லை' என்று சிவப்பில் எழுதி, அவள் கையெழுத்து செல்லாது என்று போட்டிருந்தது.

பேச்சியம்மா பாறை உச்சிக்கு ஏறி நாரைக்குப் போன் போட்டாள்.

"சார், எனக்கு எல்லாம் தெரியும் சார். இருபதும் சரியாத்தான போட்டேன்?"

"அதாம்மா பிரச்சினை. நீங்க எல்லாத்தையும் முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு வந்துட்டா, நாங்க என்ன கத்துக்குடுத்தோம்னு மேலிடத்துக்கு எழுதுறது?"

"என் நோயாளிக்குப் பம்ப் தீரப்போவுது சார்."

"அப்போ அடுத்த பேட்ச்ல சேருங்க. ஆனா இந்தத் தடவை கொஞ்சம் தெரியாதவங்களா வாங்க."

பேச்சியம்மா கரடி டாக்டரிடம் போனாள். "டாக்டரய்யா, நாப்பதுல ஒண்ணே ஒண்ணு குடுங்க. மரகதம் பாவம்."

"எனக்கு மட்டும் ஆசையில்லயா பேச்சி? நான் டாக்டர், என் கையெழுத்து செல்லாது. தேறுன ஊழியர் கையெழுத்து இல்லாம குடுத்தா என் தல உருளும்," என்றார் கரடி. அவருக்கு நிஜமாகவே வருத்தம்தான். பேச்சு மாறட்டும் என்று, தான் பயிற்சியில் கற்றதைச் செய்து காட்டினார். இன்ஹேலரை எடுத்து, மூடியைக் கழற்றாமலே கக்கத்தில் வைத்து, இரண்டு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தார். பிறகு எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "காய்ச்சல் இல்ல," என்று சொல்லி, துடைத்து அலமாரியிலேயே திரும்ப வைத்தார்.

திருடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பேச்சியம்மாவும் நினைத்தாள். நாலு நாள் ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்து நடந்து பார்த்தாள். சாவியைக் கரடி டாக்டர் கேடயத்தோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

வேறு வழியில்லாமல் இரண்டாவது பேட்சில் சேர்ந்தாள். முன்தேர்வில் எது சரி என்று பார்த்துப் பார்த்து, அதை விட்டுவிட்டு மற்றதைத் தொட்டாள். இருபதுக்கு சுழியம். தப்பான விடையைத் தொடும்போதெல்லாம் அவளுக்குத் தங்கை ஞாபகம் வந்தது. அன்று மாலை அவள் பாறையை விட்டு இறங்குவதற்குள்ளேயே நாரை டாக்டர் கூப்பிட்டார்.

"என்னம்மா இது ஏமாத்து வேலை? ஒண்ணுமே தெரியாதவங்க அஞ்சு வாங்குவாங்க. சுழியம் வாங்கணும்னா இருபது விடையும் தெரிஞ்சிருக்கணும். இது நேர்மையான அறியாமை இல்ல. உங்கள இந்த பேட்ச்லேர்ந்து நீக்கியாச்சு."

"அப்ப நான் என்னதான் சார் செய்யணும்?"

"மூணாவது பேட்ச் இருக்கு. அஞ்சு வாங்குங்க. இயல்பா வாங்குங்க."

அடக் கொடுமையே என்று நீங்கள் சொல்லலாம். பேச்சியம்மா சொல்லவில்லை. அவளுக்கு நேரமில்லை. மூன்றாவது பேட்ச் தொடங்குவதற்குள் பிரவுன் பம்ப் தீர்ந்துவிட்டது. நீல பம்ப்பை இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று சிக்கனமாக அடித்தாள். ஒருநாள் குலுக்கிப் பார்த்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை. மரகதத்தின் விலா எலும்பு மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வந்தது.

"எக்கா, இன்னும் எத்தன வாரம்?"

"ஆறு திங்கக்கெழம தாயி. அதுவரைக்கும் குளத்துப் பக்கம் போவாத. தண்ணிய நான் கொண்டாந்து தாரேன்."

மூன்றாவது முன்தேர்வில் பேச்சியம்மா கணக்குப் போட்டு, நடுவில் அங்கொன்று இங்கொன்றாக, சரியாக ஐந்து வாங்கினாள். 'நல்ல தொடக்கம்' என்று நாரை டாக்டர் பாராட்டி எழுதினார்.

இந்த பேட்சில் ஒரு புது ஏற்பாடும் இருந்தது. யாரும் தூங்கிவிடக் கூடாது என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரையில் 'இருக்கிறேன்' என்று ஒரு பொத்தான் வரும். அழுத்த வேண்டும். ஒருமுறை தவறினாலும் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

நாலாவது திங்கள் வெயில் மண்டையைப் பிளந்தது. பேச்சியம்மா காலையில் கொண்டுவந்து வைத்த தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. அக்கா வர ஐந்து மணியாகும், வாய் அதுவரை வறண்டு கிடக்க மாட்டேன் என்றது. மரகதம் மெல்ல மெல்ல நடந்து குளத்துக்குப் போனாள். போகிற வழியிலேயே இழுக்க ஆரம்பித்துவிட்டது.

சிறுத்தை கோரைக்குள் படுத்திருந்தது. வீசிங் சத்தத்தை அது ஒரு பயிற்சியும் இல்லாமல் முதல் தடவையிலேயே அடையாளம் கண்டுகொண்டது.

பாறை உச்சியில் இருந்த பேச்சியம்மாவுக்குக் குளத்துப் பக்கம் குரங்குகள் அலறுவது கேட்டது. யாருக்காக அலறுகின்றன என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. எழுந்தாள். அந்த நேரம் பார்த்துத் திரையில் 'இருக்கிறேன்' வந்தது. பேச்சியம்மா அதை அழுத்தினாள். அழுத்திவிட்டுத்தான் ஓடினாள். உடும்பு ஓடி என்ன ஆகப்போகிறது? குளக்கரையில் இழுத்துக்கொண்டு போன தடம்தான் இருந்தது.

கரடி டாக்டருக்குச் சேதி போனதும் அவரும் விக்கி விக்கி அழுதார். அழுதுகொண்டே அலமாரியைத் திறந்து ஒருமுறை எண்ணினார். நாற்பதும் பத்திரமாக இருந்தன.

பேச்சியம்மா மிச்ச இரண்டு திங்களும் போனாள். ஏன் போனாய் என்று குரங்குகள் ஏசின. காட்டில் இளைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்களே என்று மட்டும் சொன்னாள். பின்தேர்வில் இருபதுக்கு இருபது வாங்கினாள். ஐந்திலிருந்து இருபது, முந்நூறு சதவீதம். அவளுக்கும் கேடயம் அறிவித்தார்கள். பாறை உச்சியில் கரடி டாக்டர் செல்போனைப் பிடித்துக்கொள்ள, ஏரிக்கரையிலிருந்து நாரை டாக்டர் வாழ்த்திப் பேசினார்.

"முன்னேற்றத்துல முந்நூறுங்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும். பேச்சியம்மா, உங்க ஏரியாவுல கடுமையான ஆஸ்துமா கேஸ் ஒண்ணு இருந்துச்சு. பயிற்சி முடிஞ்ச பிறகு எடுத்த கணக்குல ஒண்ணுகூட இல்ல. நூறு சதவீதம் குறைஞ்சிருக்கு! எந்தக் காட்டுலயும் இப்படி நடக்கல. எப்படிம்மா சாதிச்சீங்க?"

"சிறுத்த அடிச்சுத் தின்னுட்டு சார்."

நாரை டாக்டர் கையில் இருந்த படிவத்தை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தார்.

"அதுக்கு இங்க கட்டம் இல்லயேம்மா," என்றார். "'பிற சிகிச்சை முறைகள்'ங்கிறதுல போட்டுக்கிறேன்."

அன்று சாயங்காலம் கரடி டாக்டர் நாற்பது இன்ஹேலரையும் எண்ணிக் கொடுத்து, நாற்பது கையெழுத்து வாங்கிக்கொண்டார். பேச்சியம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். பழக்கதோஷம், கால் முதலில் மரகதத்தின் புதருக்குத்தான் போனது. பிரவுன் பம்ப்பைக் கையில் எடுத்துக் குலுக்கின பிறகுதான் நினைவு வந்தது. அங்கேயே உட்கார்ந்து, தங்கைக்கும் சேர்த்து அழுதாள்.

நீதி: இளைப்பு நோய் உள்ளவர்கள், தங்கள் ஊழியர் தெரிந்ததையெல்லாம் மறந்து, மறுபடி முறையாகக் கற்றுத் தேறும்வரை, சிறுத்தையிடம் ஆறு வாரம் அவகாசம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.