ஹார்ட் டிஸ்க்குக்கு ஆயுத பூஜை

பால் பாக்கெட்டில் தேதி போடுகிறார்கள். ரொட்டியில் போடுகிறார்கள். அறிவுரைக்கு மட்டும் யாரும் காலாவதித் தேதி போடுவதில்லை. அதனால் என்னென்ன விபரீதம் வரும் என்பதற்கு நானே சாட்சி. உண்மையைச் சொன்னால், குற்றவாளியும் நானே.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் துறைமுகப் பட்டணமான போர்ட் கிள்ளானில், நான்கு லோரிகள் வைத்திருந்த ஒரு சின்னப் போக்குவரத்து நிறுவனத்தில் எனக்கு வேலை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏர்கோன் குளிரில் பல் கிட்டிக்கொள்ளும். அங்கே ஆசிரியர் சொன்னதையெல்லாம் வேதவாக்காக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு கிள்ளானில் பாதிப் பேருக்கு இலவச ஆலோசனை வழங்கினேன். நாற்பது மெகாபைட் டிஸ்க் வாங்கினால் பேரன் காலம் வரை போதும் என்றேன். (பேரனின் பிறந்தநாள் படங்களில் பாதிகூட இன்று அதில் அடங்காது.)

எங்கள் பாஸும் என் பேச்சைக் கேட்டார். புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். கூடவே நான் சொன்னேன் என்று டைப்ரைட்டரையும் ஆபீஸை விட்டு அனுப்பினார். பதினைந்து வருஷம் அங்கே கிளார்க்காக இருந்த கமலா அக்கா, "குப்பைக்குப் போறத நான் எடுத்துட்டுப் போறேன் லா" என்று அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். பழைய காலத்து மனுஷி, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஒரு பெரிய தொழிற்சாலை சரக்கு ஏற்றிச் செல்ல டெண்டர் கேட்டிருந்தது. அது கிடைத்தால் நான்கு லோரிக்கும் வேலை. கிடைக்காவிட்டால் இரண்டு லோரியை விற்றுவிட வேண்டியதுதான் என்று பாஸ் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். விற்றால் இரண்டு டிரைவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு பேருமே பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ளவர்கள். டெண்டர் நாற்பது பக்கம். கமலா அக்கா மூன்று வாரம் உட்கார்ந்து அதைக் கம்ப்யூட்டரில் அடித்தார். திங்கட்கிழமை நண்பகலுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை.

எங்கள் பாஸுக்குத் தீபாவளியைவிட ஆயுத பூஜைதான் பெரிது. லோரிகளைக் கழுவி மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். அவரவர் ஆயுதத்தை அவரவரே சுத்தம் செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். மெக்கானிக் ஸ்பேனர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கமலா அக்கா ஃபைல் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாஸ் என்னிடம் வந்தார்.

"ஏம்ப்பா, எல்லாரும் எதையாச்சும் கழுவுறாங்க. உன் கம்ப்யூட்டருக்கு என்ன செய்யப் போற?"

வெறும் துணியால் துடைப்பேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. நோட்டில் படித்தது ஞாபகம் வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை டிஸ்க்கில் இருப்பதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, டிஸ்க்கில் தகவல் பதியும் கோடுகளை அடியிலிருந்து புதிதாகப் போட்டுத் தயார் செய்தால் அது புதுசு மாதிரி ஓடும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார்.

"உள்ள இருக்கிற டிஸ்க்கையே குளிப்பாட்டப் போறேன் பாஸ்," என்றேன்.

பாஸின் முகத்தில் தெரிந்த மரியாதையை என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

கமலா அக்கா மட்டும் துணியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, டெண்டர் அதுலதானே இருக்கு? திங்கக்கெழமைக்கு அப்புறம் குளிப்பாட்டக் கூடாதா?"

"அக்கா, எல்லாத்தையும் டிஸ்கெட்ல எடுத்து வச்சிட்டேன். இது சயின்ஸ்."

ஆசிரியர் பொய் சொல்லவில்லை. அவர் காலத்து டிஸ்க்குக்கு அது மருந்துதான். ஆனால் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது புது வகை டிஸ்க். அதற்குத் தொழிற்சாலையிலேயே கோடு போட்டு அனுப்பிவிடுவார்கள். வெளியே யாரும் அதில் கை வைக்கக் கூடாது. கம்ப்யூட்டரோடு வந்த கையேட்டில் அது கட்டம் கட்டிப் போட்டிருந்ததாம். நான் அதைப் பிரித்ததே இல்லை. (நிபுணர்கள் கையேடு படிப்பார்களா என்ன?)

கோடு போடும் நிரலை ஓடவிட்டுப் பூஜைக்குப் போனேன். டிஸ்கெட்டுகளையும் சரஸ்வதி படத்துக்கு முன் தட்டில் அடுக்கினேன். எல்லா ஆயுதத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள், என் ஆயுதத்துக்கு நானே வைத்தேன். அந்தக் காலத்து டிஸ்கெட்டின் உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும், உள்ளே தகவல் பதிந்திருக்கும் பழுப்பு நிறத் தகடு தெரியும். பொட்டு வைக்க அதைவிட வாகான இடம் கிடையாது. ஐந்து டிஸ்கெட்டுக்கும் பக்தியோடு, தாராளமாக, அங்கேயே வைத்தேன்.

பொங்கலும் கடலையும் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், டிஸ்க் என்று ஒன்று இருப்பதையே கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. அணைத்துப் போட்டேன். தட்டினேன். குலதெய்வத்தை வேண்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

பாஸிடம் ஏதோ ஒரு சாக்குச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வாங்கின கடைக்கு ஓடினேன். அங்கே ரிப்பேர் பார்க்கும் சீனர் நான் செய்ததை முழுவதும் கேட்டார். பிறகு யார் இப்படிச் செய்யச் சொன்னது என்று மலாயில் கேட்டார். பிரிக்ஃபீல்ட்ஸ் வகுப்பில் என்றேன். எந்த வருஷம் என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. டிஸ்க் செத்துவிட்டது, புதுசு வர அடுத்த வியாழன் ஆகும் என்றார். டிஸ்கெட்டுகளை நீட்டினேன். சந்தனத்தைச் சுரண்டி முகர்ந்து பார்த்துவிட்டு, இதைத் தன் மெஷினில் போட முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நேரே கிள்ளானில் கமலா அக்கா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் அந்த இரண்டு டிரைவர்களின் முகம்தான் கண்ணில் நின்றது.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க."

"உக்காந்துதான் இருக்கேன். சொல்லு."

சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அழுதும்விட்டேன், இருபத்து நான்கு வயதுத் தடியன். அவர் எழுந்து உள்ளே போனார். விளக்குமாறு எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் கையில், கயிறு போட்டுக் கட்டிய ஒரு காகிதக் கட்டு. நாற்பது பக்கமும் அதில் இருந்தது.

"இது எப்போ அக்கா எடுத்தீங்க?"

"பேப்பர வேஸ்ட் பண்ணாதீங்க, எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குன்னு ஒரு நாள் சொன்னியே. அன்னையிலேருந்து தெனமும் பிரிண்ட் எடுத்தேன்."

"ஏன்?"

"நீ அவ்ளோ தெளிவா பேசுனது எனக்கு பயமா இருந்துச்சு லா."

அந்தப் பக்கங்கள் முழுக்க அடித்தல் திருத்தல். அப்படியே கொடுக்க முடியாது. சனியும் ஞாயிறும் நான் வாசிக்க வாசிக்க, குப்பைக்குப் போக வேண்டிய அதே டைப்ரைட்டரில் நாற்பது பக்கத்தையும் அவர் மறுபடி அடித்தார். ஒரு வசவு இல்லை, ஒரு குத்தல் இல்லை. நடுவில் எனக்குச் சோறு வேறு போட்டார். மீன் குழம்பு. இரண்டாவது தடவை சோறு கேட்க எனக்கு எப்படி வாய் வந்ததென்று இன்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் பாஸ் பக்கங்களைப் புரட்டினார். "இது என்ன, டைப்ரைட்டர் எழுத்தா இருக்கு?"

"கம்ப்யூட்டர் எழுத்து புள்ளி புள்ளியா தெரிஞ்சிச்சு பாஸ். பெரிய கம்பெனிக்காரன் பாப்பான்ல, இதுதான் மரியாதை," என்றார் கமலா அக்கா, என் பக்கம் திரும்பாமலே.

டெண்டர் கிடைத்தது. நான்கு லோரியும் ஓடின. ஒரு வாரம் கழித்து மனசு கேட்காமல் நானே பாஸிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "அடுத்த வருஷத்துலேருந்து பூஜைக்கு நீ லோரி கழுவு," என்றார். அதன் பிறகு அங்கே இருந்த ஒன்பது வருஷமும் கழுவினேன்.

வேலை போகாமல், இரண்டு குடும்பத்தின் பாவமும் சேராமல் நான் தப்பியது கமலா அக்காவால். அதற்கு நான் ஒழுங்காக நன்றி சொன்னதே இல்லை. ஒவ்வொரு முறை ஆரம்பிக்கும்போதும், "சரி சரி, சாப்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவார். இப்போது அவருக்கு எண்பது நெருங்குகிறது. என் மகள் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள். சொந்த அத்தைகளுக்கு அதில் வருத்தம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

போன மாதம் மகள் புது லேப்டாப் வாங்கி வந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"நான் சொல்றதக் கேளும்மா. பேட்டரிய முழுசா இறக்கிட்டுதான் ஒவ்வொரு தடவையும் சார்ஜ் போடணும்," என்று பழைய செல்போன் காலத்துப் பாடத்தை ஆரம்பித்தேன்.

அவள் போனை எடுத்து, எனக்கும் கேட்கும்படி வைத்துவிட்டு, "அத்தை, அப்பா கம்ப்யூட்டருக்கு அட்வைஸ் குடுக்குறாரு," என்றாள்.

கிள்ளானிலிருந்து நிதானமாகக் குரல் வந்தது.

"மொதல்ல அத செய்யாத. என்ன சொன்னான்னு அப்புறமா சொல்லு."